களியை ‘கிரியேட்’ செய்ய முடியுமா?

1. பாலக்கோடு டீச்சர் | இரவு 8.30

மாலையில் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ‘என் வீடு’ என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘மை மதர் கிரியேட்ஸ் ராகி களி எவ்ரி நைட்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் ‘கிரியேட்ஸ்’ என்பதை அடித்து, மேலே ‘மேக்ஸ்’ என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் கழித்தேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். “அகராதியில் இரண்டுக்கும் உண்டாக்கு என்றுதான் போட்டிருக்கிறது டீச்சர். பிறகு எதற்குக் குறைத்தீர்கள்?”

“கிரியேட் என்றால் முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்குவது” என்றேன். “மத்தியானம் களி இல்லையே டீச்சர், ராத்திரிதானே வந்தது?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நாளை என்பது இன்று முடிந்துவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை, தப்பித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பரீட்சைக்கான விளக்கம் வேண்டாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ஏன் களிக்குப் பொருந்தவில்லை என்று தெரிய வேண்டும்.

2. சூளகிரி மலையடி | இரவு 8.41

அந்த ஒரு மதிப்பெண்ணைப் பேசாமல் கொடுத்துவிடுங்கள். வழக்கு உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கிறது.

3. ஊத்தங்கரை மருமகள் | இரவு 8.55

எனக்குப் பொருந்தும் டீச்சர். கல்யாணமாகி வந்த முதல் வருடம் நான் கிண்டிய களி அதுவரை உலகத்தில் இல்லாத பொருள்தான். நொய் வெந்த உலையில் மாவைக் கொட்டிவிட்டுத் துடுப்பைப் பிடித்தால் கை ஒரு பக்கம் போகும், பானை ஒரு பக்கம் போகும். கட்டி கட்டியாக வரும். ‘புதுசாக எதையோ படைத்திருக்கிறாள்’ என்று என் மாமியார் ஊர் முழுக்கச் சொன்னார். இப்போது நன்றாக வருகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை.

4. தகடூர்த் தம்பி | இரவு 9.10

இதற்கு இத்தனை யோசனையா? ‘கிரியேட்’ நம் சொல். கரு என்ற தமிழ் வேர். கரு உண்டாவதுதான் படைப்பின் தொடக்கம். கரு, கரியேட், கிரியேட். ஒரு காணொளியில் விரிவாகப் பார்த்தேன். அதியமான் ஆண்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலச் சொல்லுக்கு வெளிநாட்டில் வேர் தேடுகிறோம்.

5. அரூர் அச்சகம் | இரவு 9.22

என் அப்பா வேறு மாதிரி சொல்வார். சமஸ்கிருதத்தில் கிரியா, காரியம், கர்மம் எல்லாம் செய்வதைக் குறிக்கும் அல்லவா? ‘கிரியேட்’ அதிலிருந்து போனது என்பார். எனக்கு இந்தச் சொல்லோடு தினமும் உறவு இருக்கிறது. இந்த மாதம் மட்டும் மூன்று கடைகளுக்கு விசிட்டிங் கார்டு அடித்தேன்: ஒரு தையல்கடை, ஒரு போட்டோ ஸ்டூடியோ, ஒரு கேக் கடை. மூன்று பேரும் பெயருக்குப் பின்னால் ‘கிரியேஷன்ஸ்’ போடச் சொன்னார்கள். தையல்காரரிடம் தமிழில் ‘படைப்புகள்’ என்று போடட்டுமா என்றேன். “கவிதைப் புத்தகம் மாதிரி இருக்கிறது, ஜாக்கெட் தைக்க யாரும் வரமாட்டார்கள்” என்றார்.

6. ஒசூர் எல்லைக்காரர் | இரவு 10.05

டீச்சர், ‘முன்பு இல்லாதது’ என்பது அந்தச் சொல் பிற்காலத்தில் போட்டுக்கொண்ட சட்டை. உள்ளே இருக்கும் உடம்பு வேறு.

லத்தீனில் ‘கிரெயாரே’ என்று ஒரு வினை உண்டு. பெற்றெடு, விளையச் செய், தோன்றச் செய் என்பவை அதன் பொருள்கள். அதன் உடன்பிறப்பு ‘கிரெஸ்கெரே’. அதற்கு வளர், முளை, பெருகு என்று பொருள். நம் இலக்கண வாத்தியார்கள் சொல்வதுபோலச் சொன்னால், கிரெஸ்கெரே தன்வினை, கிரெயாரே பிறவினை. விளைதல், விளைவித்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கிரியேட்’டின் அடியில் செய்தல் கிடையாது, வளர்தல்தான் கிடக்கிறது.

சொந்தக்காரர்களைப் பார்த்தாலே தெரியும். ‘கிரெசன்ட்’ என்ற பிறைநிலாவுக்கு நேர்ப்பொருள் வளர்வது. நாம் வளர்பிறை என்கிறோமே, அதேதான். ‘இன்கிரீஸ்’ வளர்ந்து கூடுவது, ‘டிகிரீஸ்’ தேய்வது. ‘கான்கிரீட்’ என்றால் சேர்ந்து வளர்ந்து இறுகியது. சிமென்டும் ஜல்லியும் கலந்த கலவைக்கு அந்தப் பெயர் ஒட்டியது 19-ஆம் நூற்றாண்டில்தான். ஸ்பானிய மொழியில் இதே லத்தீன் வினை இரண்டாகக் கிளைத்தது. ‘கிரெயார்’ என்றால் படைப்பது. ‘கிரியார்’ என்றால் வளர்ப்பது: பிள்ளை வளர்ப்பதும் அதுதான், மாடு வளர்ப்பதும் அதுதான். ரோமானியர்கள் தங்கள் கான்சல்களை, அதாவது ஆட்சித் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் ‘கிரெயாரே’ என்றே சொன்னார்கள். நம் ஊரில் தேர்தலில் எதைப் படைக்கிறோம் என்பது தனி இழைக்கு உரியது.

இப்போது களிக்கு வருகிறேன். ரோமானியர்களின் தானிய தேவதை கேரெஸ். அவள் பெயரும் இந்த வேர்தான். அவளிடமிருந்து வந்தது ‘சீரியல்’ என்ற ஆங்கிலச் சொல். தொலைக்காட்சியில் ஓடும் தொடரைச் சொல்லவில்லை, அதன் எழுத்து வேறு, வேர் வேறு. இது தானியம். கேழ்வரகும் கம்பும் சாமையும் ‘சீரியல்’. ஆக, உங்கள் மாணவி ‘கிரியேட்’டையும் ராகியையும் ஒரே வரியில் எழுதியபோது, ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறாள்.

ஜெர்மன் மொழியில் சிறுதானியத்துக்கு ‘ஹிர்ஸெ’ என்று பெயர். அதையும் இதே வேரோடு சேர்க்கும் அறிஞர்கள் உண்டு. லத்தீனில் ககரமாக இருப்பது ஜெர்மனில் எப்படி ஹகரம் ஆகும் என்று கேட்பீர்கள். தம்பிக்கும் அச்சகத்தாருக்கும் நான் சொல்ல நினைப்பது அதில்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

7. தகடூர்த் தம்பி | இரவு 10.12

லத்தீன் எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லையே. எல்லாவற்றையும் லத்தீன், கிரேக்கம் என்று எழுதிவைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். எட்டு என்பதை அவர்கள் ‘எய்ட்’ என்கிறார்கள். ஒன்று என்பதை ‘ஒன்’ என்கிறார்கள். இதுவும் தற்செயலா?

8. ஒசூர் எல்லைக்காரர் | இரவு 11.02

ஆம் தம்பி, தற்செயல்தான். இன்றைய ‘எய்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்தா’. லத்தீனில் ‘ஒக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. பின்னால் போகப்போக அது நம் எட்டிலிருந்து விலகிக்கொண்டே போகிறது. ‘ஒன்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’. இன்று வாயில் வரும் அந்த வகர ஒலி பிறகு ஏறிக்கொண்டது. உண்மையான உறவு என்றால் பழைய வடிவங்களுக்குப் போகப்போக நெருங்க வேண்டும்.

நீங்கள் தர்மபுரிக்காரர். உங்களுக்கு இதைப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை, ரயிலில் ஏற்றிவிட்டால் போதும். தர்மபுரியிலிருந்து ஒசூர் வரும் வண்டியில் பாலக்கோடு தாண்டினால் என்ன ஊர்? மாரண்டஅள்ளி. உங்கள் பக்கத்தில் நல்லம்பள்ளி, எங்கள் மாவட்டத்தில் போச்சம்பள்ளி. இந்த ‘அள்ளி’ எது? கன்னடத்தின் ‘ஹள்ளி’. ஹள்ளி எது? நம் ‘பள்ளி’, சிற்றூர். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் பகரம் வரும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் ஹகரம் வரும். பால், ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பாம்பு, ஹாவு. என் அம்மா வீட்டில் கன்னடம் பேசுவார், நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தேன். ஐந்து வயதிலேயே இந்தச் சூத்திரம் எனக்குத் தெரியும், அதற்குப் பெயர் உண்டு என்றுதான் தெரியாது. ஒகேனக்கல்லும் அப்படித்தான். ‘ஹொகெ’ என்றால் புகை. புகை எழும் கல். புகையும் ஹொகெயும் ஒரே சொல்.

பாம்பும் ஹாவும் காதுக்கு ஒத்துப்போகவில்லை, ஆனால் உறவு. எட்டும் எய்ட்டும் காதுக்கு ஒத்துப்போகின்றன, ஆனால் உறவில்லை. ஆகவே காது சாட்சி செல்லாது. ஒலி மாறினால் வரிசையாக, ஒழுங்காக மாறியிருக்க வேண்டும். லத்தீன் ககரத்துக்கு ஆங்கிலத்தில் ஹகரம் வருவதும் அப்படி ஒரு வரிசை: நூறு ‘கென்டும்’, ‘ஹன்ட்ரட்’. கொம்பு ‘கோர்னு’, ‘ஹார்ன்’. நாய் ‘கானிஸ்’, ‘ஹவுண்ட்’. யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மானியர் 1822-இல் இந்த மாற்றங்களை முறைப்படுத்தினார். ‘ஹிர்ஸெ’ ஹகரத்தில் தொடங்குவதும் அதனால்தான்.

அச்சகத்தாருக்கு: உங்கள் அப்பா சொன்ன கிரியா, கர்மம், காரியம் எல்லாம் ‘க்ரு’ என்ற வினையடியைச் சேர்ந்தவை. சமஸ்கிருதம் என்ற பெயரிலேயே அந்த ‘க்ரு’ இருக்கிறது. ஆனால் அதன் மூத்த வடிவம் உதடு குவித்துச் சொல்லும் ‘க்வ’ ஒலியில் தொடங்கியது. லத்தீன் அந்த ஒலியை ‘க்விஸ்’, ‘க்வாட்டுவோர்’ என்று அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும். ‘கிரெயாரே’யில் அது இல்லை. ஒன்று ‘செய்’ வேர், மற்றது ‘வளர்’ வேர்.

கரு தமிழ்தான், நல்ல சொல்தான். அதை இங்கே இழுக்க வேண்டாம். நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று எழுத்துச் சான்றோடு இருக்கும்போது, சான்றில்லாததற்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

9. தகடூர்த் தம்பி | இரவு 11.20

மாரண்டஅள்ளி வழியாகப் பத்து வருடமாகப் போய்வருகிறேன். அள்ளி என்றால் அள்ளுவது என்று நினைத்திருந்தேன். சரி, கருவை விட்டுவிடுகிறேன். காணொளிக்காரரை இன்னும் விடவில்லை.

10. பாலக்கோடு டீச்சர் | காலை 6.15

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்தேன், பொங்கிவிட்டது. ஐயா, ஒரு சந்தேகம். வேரில் வெறும் ‘விளைவித்தல்’ என்றால், நான் பிள்ளைகளுக்குச் சொன்ன ‘இல்லாததை உண்டாக்குவது’ எங்கிருந்து வந்தது? அதை நானாகச் சொல்லவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

11. தேவாலயத் தெரு | காலை 7.40

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். லத்தீன் விவிலியத்தின் முதல் வரியே அந்தச் சொல்லோடுதான்: ‘இன் பிரின்கிப்பியோ கிரெயாவிட் தேயுஸ்’. ஆதியில் கடவுள் படைத்தார். எபிரேய மூலத்தில் அங்கே வரும் வினை ‘பாரா’. அதன் எளிய வடிவத்துக்கு எபிரேய விவிலியத்தில் கடவுள் மட்டும்தான் எழுவாய். ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைக் கடவுள் உண்டாக்கினார் என்ற சமயக் கருத்து வலுக்க வலுக்க, விளைவித்தலைச் சொன்ன லத்தீன் சொல்லின்மேல் அந்தப் பாரமும் ஏறியது.

ஆங்கிலத்தில் வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் இந்த வேலைக்கு ‘கிரியேட்’ இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘கெஷெயோப்’ என்றார்கள். இன்றைய ‘ஷேப்’ அதன் வழிவந்தது. கடவுள் வடிவம் கொடுத்தார் என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டின் விக்லிஃப் விவிலியம் ‘மேட்’ என்றே எழுதியது, ஆனால் ‘ஒன்றுமில்லாததிலிருந்து’ என்று ஒரு சொல்லைக் கூடவே சேர்த்துக்கொண்டது. 1530-இல் டிண்டேல் மொழிபெயர்ப்பில் ‘கிரியேட்டட்’ வந்தது, 1611-இன் ஜேம்ஸ் அரசர் பதிப்பிலும் நிலைத்தது. கவனித்தீர்களா? ‘மேட்’ போட்டவர்களுக்கு ‘ஒன்றுமில்லாததிலிருந்து’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ‘கிரியேட்டட்’ போட்டவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

தமிழிலும் இதே தடுமாற்றம் உண்டு. எங்கள் பாட்டி வாசித்த பழைய பதிப்பில் ‘சிருஷ்டித்தார்’. இன்றைய பொது மொழிபெயர்ப்பில் ‘படைத்த’. சிருஷ்டி என்பதன் வேருக்கு வெளிவிடுதல், அவிழ்த்துவிடுதல் என்று பொருள். சிலந்தி நூல் விடுவதுபோல.

12. ஒசூர் எல்லைக்காரர் | காலை 8.05

அருமை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கடவுளுக்கு அடுத்தபடியாக ஆங்கிலத்தில் அந்த வினையை எடுத்துக்கொண்டவர்கள் அரசர்கள். அரசர் ஒருவரைப் பிரபு ஆக்கினால் அதுவும் ‘கிரியேட்’. மனித மனம் எதையாவது படைப்பது அப்புறம்தான் மெல்ல வருகிறது, அதுவும் முதலில் சந்தேகத்தோடு. ஷேக்ஸ்பியரின் மாக்பெத், கண்முன் மிதக்கும் கத்தியை மூளைக்காய்ச்சலில் பிறந்த ‘பொய்ப் படைப்பு’ என்கிறான். கடவுள், அரசர், கவிஞர் என்று இறங்கி வந்து, கடைசியில் அரூர் தையல்கடையில் இறங்கியிருக்கிறது. நமக்கு மரியாதை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

13. அரூர் அச்சகம் | காலை 9.30

கவிஞர் என்றதும் நினைவு வந்தது. தமிழில் இதற்கு எத்தனை வினை! குயவர் பானையை வனைகிறார். தறிக்காரர் நெய்கிறார். கூடை முடைகிறார்கள். சிலையை வடிக்கிறார்கள், கவிஞர் புனைகிறார். வள்ளுவர் கடவுளைக் கோபத்தோடு ‘உலகியற்றியான்’ என்கிறார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால் அந்த உலகியற்றியான் கெட்டொழியட்டும் என்கிற குறளில். கம்பர் முதல் பாட்டிலேயே ‘ஆக்கல்’ என்கிறார். அதே ‘ஆக்கு’ எங்கள் வீட்டில் தினமும் கேட்கிறது: சோறு ஆக்கியாயிற்றா? கம்பரின் கடவுள் உலகை ஆக்குகிறார், என் மனைவி சோறு ஆக்குகிறார், வினை ஒன்றுதான். இப்படிப் பார்த்தால் அந்தப் பெண் எழுதியது தமிழில் தப்பே இல்லை டீச்சர். அவள் ஆக்குவதை நினைத்துக்கொண்டு ‘கிரியேட்’ எழுதியிருக்கிறாள்.

14. தகடூர்த் தம்பி | காலை 10.10

எல்லைக்காரர் ஐயா கோபிக்காமல் கேட்க வேண்டும். படை என்றால் உண்டாக்கு. சாமிக்கு வைப்பது படையல். போருக்குப் போவதும் படை. (தோலில் வருவதும் படை, அதை விடுங்கள்.) நீங்கள் சொன்ன ‘கிரெஸ்கெரே’ குடும்பத்தை இணையத்தில் தேடினேன். ‘ரெக்ரூட்’, ‘க்ரூ’ இரண்டும் அங்கே இருக்கின்றன! ‘க்ரூ’ என்பது முதலில் படைக்குத் துணையாக அனுப்பும் கூடுதல் வீரர்கள். அங்கேயும் படைப்பும் படையும் ஒரே வீட்டில், இங்கேயும் ஒரே வீட்டில். இது என்ன?

15. ஒசூர் எல்லைக்காரர் | காலை 10.48

கோபம் எதற்கு? இந்த இழையில் நான் படித்ததிலேயே இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கண்டுபிடிப்பு சரி. பிரெஞ்சில் ‘வளர்ந்து கூடியது’ என்ற சொல்லிலிருந்து ‘க்ரூ’ வந்தது. ‘ரெக்ரூட்’ என்றால் மறுபடி முளைத்தது. வெட்டுப்பட்ட படையில் புதுத் துளிர். ஆனால் அங்கே இரண்டும் ஒரே வேரின் கிளைகள் என்று படிப்படியாகக் காட்ட முடிகிறது. தமிழில் படைத்தலும் சேனையும் ஒரே ஒலியில் இருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிடக் கூடாது. செய் என்றால் வினை, செய் என்றால் வயலும்தான்; நன்செய், புன்செய் என்று பத்திரத்தில் எழுதுகிறோம். அதற்காக இரண்டையும் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவதில்லை. ரசியுங்கள், பத்திரம் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

16. ஊத்தங்கரை மருமகள் | பகல் 2.20

இப்போதுதான் வேலை முடிந்தது. எல்லோரும் ‘கிரியேட்’டையே சுற்றி வருகிறீர்கள். டீச்சர் சிவப்பு மையில் எழுதிய ‘மேக்’கை யாரும் கேட்கவில்லையே. அதற்கு வேர் கிடையாதா?

17. ஒசூர் எல்லைக்காரர் | பகல் 3.05

அம்மா, இந்தக் கேள்வியை நேற்றே கேட்டிருந்தால் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன்.

‘மேக்’ லத்தீன் வழி வந்ததில்லை. ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. பழைய ஆங்கிலத்தில் ‘மாகியன்’, ஜெர்மனில் ‘மாஹென்’. அறிஞர்கள் இதற்குக் காட்டும் ஆதிவேரின் பொருள்: பிசைதல். மாவையோ களிமண்ணையோ கையால் அமுக்கி, உருட்டி, உருவத்துக்குக் கொண்டுவருதல். கிரேக்கத்தில் அதே வேரோடு சேர்க்கப்படும் ‘மாக்மா’ என்றால் பிசைந்த பசை. எரிமலைக் குழம்புக்கு இன்று அந்தப் பெயர்தான்.

பிசைவதில் பிறந்த சொற்கள் இன்னும் உண்டு, வேறு வேரில். ரொட்டி மாவுக்கு ஆங்கிலத்தில் ‘டோ’. ‘லேடி’ என்று மரியாதையாகச் சொல்கிறோமே, பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘ரொட்டி பிசைபவள்’ என்று பொருள். அந்த ‘டோ’வின் வேரிலிருந்தே சமஸ்கிருதத்தின் ‘தேஹ’ வந்தது, நம் தேகம். பிசைந்து பூசி உருவாக்கியது.

ஆகவே டீச்சர் அடித்தது சரிதான். காரணம்தான் வேறு. துடுப்பைப் பிடித்து மாவைத் தண்ணீரோடு சேர்த்துக் கிண்டி, சூட்டோடு தொட்டு உருண்டை பிடிக்கிற வேலை, வேரளவில் அப்பட்டமான ‘மேக்’. அந்த வீட்டில் ‘கிரியேட்’ நடக்கிறது என்றால், அது அடுப்பில் நடக்கவில்லை. ராகி முளைத்துக் கதிர் வாங்குகிற கொல்லையில் நடக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கும் ‘க்ரோ’ என்றுதான் எழுத வேண்டும், பரீட்சையில் வேறு எதையும் எழுதிவிடக் கூடாது.

18. சூளகிரி மலையடி | பகல் 3.11

இருபது வருடமாக என் மனைவியை ‘லேடி’ என்று சொன்னதில்லை. இனிமேலும் சொல்லப்போவதில்லை. ரொட்டி கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

19. பாலக்கோடு டீச்சர் | இரவு 8.50

அனைவருக்கும் நன்றி. காய்ச்சல் விட்டு இன்று வந்தாள். ரோமானியர்களையெல்லாம் விட்டுவிட்டு, வளர்ப்பது ஒன்று, பிசைவது ஒன்று என்று மட்டும் சொன்னேன். துடுப்புக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு நோட்டை நீட்டினாள். பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள்: ‘மை ஃபாதர் கிரியேட்ஸ் ராகி. மை மதர் மேக்ஸ் களி.’

எல்லைக்காரர் ஐயா எச்சரித்தது நினைவிருந்தது. ‘க்ரோஸ்’ என்று திருத்தினேன். “அப்படியென்றால் கிரியேட்டை எங்கேதான் டீச்சர் எழுதுவது?” என்றாள். அரை மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். மீதி அரைக்கு நாளை அப்பாவைக் கூட்டிவருகிறாளாம்.